ஆனைமலைக் காட்டு பங்களாக்கள்

காட்டு பங்களா என்பது, சுற்றுப்பயணம் வரும் வன அதிகாரி இரவு தங்குவதற்கென்று காட்டின் நடுவே கட்டப்பட்ட சிறு வீடு. இரண்டு அறை, முன்னால் நீண்ட தாழ்வாரம், பின்னால் தனியாக ஒரு சமையலறை, சற்றுத் தள்ளிக் காவலாளின் குடிசை. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் இந்த அமைப்பு பெரிதாக மாறுவதில்லை. ஆனைமலையில் டாப்ஸ்லிப், நீலகிரியில் கார்குடி, அவலாஞ்சி, பொதிகைச் சாரலில் முண்டந்துறை, செங்கல்தேரி என்று இவை இருக்கும் இடங்களின் பெயர்கள் நீளும். விடுமுறைக்கு மலைக்காட்டில் இரண்டு நாள் தங்க நினைக்கும் குடும்பம் இன்று எதையெல்லாம் யோசிக்கிறது? முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், எந்த மாதம் போகலாம் என்று விசாரிக்க வேண்டும், இருட்டுவதற்குள் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும், வேண்டிய சாமான்களைக் கீழேயே வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த வழக்கங்களில் பெரும்பாலானவை சுற்றுலா என்ற பேச்சே இல்லாத காலத்தில் மரத்தொழிலை ஒட்டி வளர்ந்தவை. ஆனைமலையின் கதையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

மலைக்காட்டில் மனிதர் தங்குவது பழைய செய்திதான். சங்கப் பாடல்களின் குறிஞ்சி நிலத்தில் தினைப்புனம் காக்கப் பரண் உண்டு. யானையும் பன்றியும் எட்டாத உயரத்தில் கம்பு நட்டுக் கட்டிய அந்தப் பரண்தான் நம் இலக்கியம் அறிந்த முதல் காட்டுக்குடில் எனலாம். ஆனைமலையில் காடர், மலசர், முதுவர், இரவாளர், புலையர் ஆகிய மக்கள் மூங்கிலும் புல்லும் இலையும் கொண்டு வீடு கட்டி வாழ்ந்துவந்தார்கள். தேனும் கிழங்கும் கிடைக்கும் இடத்தைப் பார்த்துக் குடியிருப்பை மாற்றிக்கொள்ளும் காடருக்கு, ஒரு நாளில் எழுப்பி ஒரு நாளில் விட்டுப்போகக்கூடிய வீடே பொருத்தமாக இருந்தது. வெளியூர் வழிப்போக்கருக்கு மலையில் தங்குமிடம் கிடையாது. சத்திரமும் சாவடியும் சமவெளிச் சாலையோடு நின்றுவிட்டன. கணவாயைக் கடக்க வேண்டியவர்கள் அடிவாரத்தில் படுத்துறங்கி, விடிந்தபின் கூட்டமாக ஏறி, பொழுது சாய்வதற்குள் அந்தப் பக்கம் இறங்கிவிடுவார்கள்.

சமவெளியில் ஆங்கில ஆட்சி சாலை ஓரங்களில் பயணியர் விடுதிகளைக் கட்டியது. தமிழில் அதற்கு முசாபரி பங்களா என்று பெயர். முசாபர் என்றால் வழிப்போக்கர். பங்களா என்ற சொல்லோ வங்காளத்து ஓலைவீட்டிலிருந்து வந்தது. தபால் வண்டிகள் ஓடும் பாதையில் இருந்தால் தபால் பங்களா, பொதுப்பணித்துறையினர் மேற்பார்வைக்கு வந்து தங்கினால் இன்ஸ்பெக்ஷன் பங்களா என்று பின்னாளில் கிளைகள் பல முளைத்தன. இவற்றில் கடைசியாகப் பிறந்தது காட்டு பங்களா. சாலையே இல்லாத இடத்தில் எழுந்ததால் மற்ற பங்களாக்களுக்கு இல்லாத சிக்கல்கள் அனைத்தும் அதற்கு இருந்தன.

அதைக் காட்டுக்குள் கொண்டுவந்தது தேக்கு. பம்பாய் கப்பல் தளத்துக்கு நல்ல தேக்கு தேவைப்பட்டபோது கம்பெனி அரசின் பார்வை மலபார், ஆனைமலைக் காடுகள் மேல் விழுந்தது. 1840களின் இறுதியில் லெப்டினன்ட் மைக்கேல் என்ற இளம் ராணுவ அதிகாரி ஆனைமலைத் தேக்குக்காட்டைக் கவனிக்க அனுப்பப்பட்டார். அவருக்குப் பின் அங்கே பொறுப்பு வகித்தவர்களில் ஒருவர் டக்ளஸ் ஹாமில்டன். தென்னாட்டு மலைகளைப் பென்சிலால் வரைந்து வைத்தவர் என்ற வகையில் அவர் இன்றும் நினைவுகூரப்படுகிறார். 1856இல் சென்னை மாகாணத்துக்கென்று தனி வனத்துறை உருவாகி, ஹ்யூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அதன் முதல் தலைமைக் காப்பாளர் ஆனார். அதே ஆண்டு ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்டது. தண்டவாளத்தின் கீழ் போடும் கட்டைகளுக்கும் எஞ்சின் விறகுக்கும் எவ்வளவு மரம் போகும் என்பதை ஆட்சியாளர்கள் அப்போதுதான் உணரத் தொடங்கினார்கள். 1858இல் கிளெக்ஹார்ன் ஒரு குழுவோடு ஆனைமலையின் உயர்ந்த தொடர்களுக்கு ஏறிப் பார்த்து வந்தார். 1882இல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் எல்லை அளந்து, கல் நட்டு, ஒதுக்குக்காடு என்று அறிவித்த நிலம் பெருகப் பெருக, அதைச் சுற்றிப் பார்க்கும் அதிகாரி தங்க ஓர் இடமும் தேவைப்பட்டது. கூடாரம் போதாதா என்று கேட்கலாம். ஆண்டில் ஐந்தாறு மாதம் மழை பெய்யும் மலையில், யானை நடமாடும் இடத்தில், கணக்குப் புத்தகங்களோடு கூடாரத்தில் இருப்பது லேசான காரியமல்ல.

எங்கே கட்டுவது என்பதைக் காய்ச்சல் தீர்மானித்தது. மலையடிவாரக் காடுகளில் ஓர் இரவு படுத்தவர்கள்கூடப் பத்துப் பதினைந்து நாளில் நடுங்கிக் கிடந்தார்கள். காடே நச்சுக்காற்றை விடுகிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். அதனால் பள்ளத்தாக்கை ஒதுக்கி, காற்று வீசும் மேட்டில், நாலு பக்கமும் மரம் வெட்டி வெளிச்சமாக்கிய இடத்தில் வீடு எழுந்தது. காரணம் தவறு, விளைவு ஓரளவு சரி: மேட்டில் தேங்கிய நீர் குறைவு, கொசுவும் குறைவு. உண்மைக் காரணத்தைத் தேடிய ரொனால்ட் ராஸ் 1897 ஏப்ரலில் விடுப்பில் ஊட்டிக்கு வந்து, காய்ச்சலுக்குப் பேர்போன சீகூர் கணவாய்க்கு இறங்கி ஆராய்ந்தார். கொசுவலைக்குள் படுத்தும் அவருக்கே காய்ச்சல் கண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை அவர் கண்டுபிடித்தார். கொயினா மாத்திரை இல்லாமல் எவரும் காட்டு பங்களாவுக்குப் புறப்பட்டதில்லை. அதற்கான சிங்கோனா மரமும் 1860 முதல் நீலகிரியிலேயே, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்க்கப்பட்டது.

டாப்ஸ்லிப் என்ற பெயரிலேயே அந்த ஊரின் தொழில் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து தெற்கே போனால் மலையடிவாரத்தில் சேத்துமடை. அதற்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 740 மீட்டர் உயரத்தில், மலை விளிம்பாக முடியும் இடம் இருக்கிறது. காட்டுக்குள் வெட்டிய தேக்கை யானைகள் அந்த விளிம்புவரை இழுத்து வரும். அங்கிருந்து கட்டைகளைச் சரிவில் உருட்டிவிடுவார்கள். அவை சறுக்கிக்கொண்டு போய் அடிவாரத்தில் விழும். கீழே காத்திருக்கும் மாட்டுவண்டிகள் அவற்றை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கம் போகும். சறுக்கலின் உச்சி என்ற பொருளில் ஆங்கிலேயர் வைத்த பெயர் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. பக்கத்திலுள்ள மவுண்ட் ஸ்டூவர்ட் என்ற பகுதி, 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த மவுண்ட்ஸ்டூவர்ட் கிராண்ட் டஃபின் பெயரைத் தாங்கியது. எத்தனை மரம் வெட்டினார்கள், எத்தனை கட்டை உருண்டது, எத்தனை வண்டி போனது என்று எண்ணிச் சரிபார்க்க அதிகாரி இந்த இடத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. பங்களாவின் தாழ்வாரம் அவருக்கு அலுவலகம். அங்கே மேசை போட்டுக் கூலி கொடுத்தார்கள், மரத்தில் அடித்த முத்திரையைக் கணக்கோடு ஒத்துப் பார்த்தார்கள், காட்டுக் குற்றங்களை விசாரித்தார்கள்.

கட்டடத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்தக் காலத்துக் கவலைகள் ஒவ்வொன்றும் சுவரிலும் கூரையிலும் தெரியும். தரைமட்டம் மூன்று நான்கு அடி உயர்ந்திருக்கும். ஈரத்துக்கும் பாம்புக்கும் கரையானுக்கும் அதுதான் முதல் தடுப்பு. தூண், உத்தரம், கதவு, சன்னல் எல்லாம் பக்கத்திலேயே வெட்டிய தேக்கு. கூரை முதலில் புல்லாக இருந்தது. 1860களில் மங்களூரில் பாசல் மிஷன் தொழிற்சாலை ஓடு செய்யத் தொடங்கிய பின் அந்தச் சிவப்பு ஓடு மெல்ல மெல்ல மலையேறியது. சமையலறை வீட்டோடு ஒட்டாமல் நிற்பது தீக்குப் பயந்து. அங்கிருந்து சாப்பாட்டு அறைவரை மழையில் நனையாமல் வர ஒரு சிறு கூரை போட்டிருப்பார்கள். உயரமான இடங்களில் அறைக்கு ஒரு கணப்பு இருக்கும். அதன் புகைபோக்கியே தூரத்திலிருந்து வீட்டுக்கு அடையாளம். வீட்டைச் சுற்றி ஆள் உயரம் இறங்கும் அகழி வெட்டி, உள்ளே போக ஒரே ஒரு மரப்பலகைப் பாலம் வைத்திருப்பார்கள். யானை அகழியைத் தாண்டாது. மாலையில் பலகையை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அகழிக்கு அப்பால் கோடைக்கு முன்பே புல்லை எரித்து வெறும் தரையாக்கிய தீத்தடுப்புக் கோடு ஓடும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குப் போவது அன்று ஒரு படையெடுப்பு மாதிரி. அதிகாரி ‘கேம்ப்’ போகிறார் என்றால் பல நாள் முன்பே ஏற்பாடு தொடங்கிவிடும். எந்த பங்களாவில் எத்தனை நாள் என்று பட்டியல் எழுதி, அந்தந்த ரேஞ்சுக்கு ஆள் மூலம் அனுப்புவார்கள். ஒரு பங்களாவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நாள் நடை என்பதுதான் பொதுக்கணக்கு. காலையில் புறப்பட்டு, வழியில் காட்டைப் பார்வையிட்டு, இருட்டுமுன் அடுத்த கூரையின் கீழ் போய்ச் சேர வேண்டும். அரிசி மூட்டை, பருப்பு, உப்பு, மண்ணெண்ணெய் டின், தேயிலை, கோழிக்கூடை, படுக்கைச் சுருள், கொசுவலை, மருந்துப்பெட்டி, காகிதக் கட்டு எல்லாம் அடிவாரம்வரை வண்டியிலும் அதன்பின் தலைச்சுமையாகவோ யானை முதுகிலோ ஏறும். பங்களாவில் இருப்பது கட்டிலும் மேசையும் நாற்காலியும்தான். மெத்தை, பாத்திரம், விளக்கு எல்லாம் வருகிறவரின் பொறுப்பு. தவறவிட்ட பொருள் தவறவிட்டதுதான். திரும்பப் போய் வாங்கி வர இரண்டு நாள் ஆகும். சமையற்காரரும் குதிரைக்காரரும் ஒரு பொழுது முன்னதாகவே போய் அடுப்பு மூட்டி வைப்பார்கள். அதிகாரி வந்து சேரும்போது ஓடையிலிருந்து சுமந்து வந்த தண்ணீர் பெரிய அண்டாவில் கொதித்துக்கொண்டிருக்கும். மாலையில் காவலாள் அரிக்கேன் விளக்குகளை வரிசையாக வைத்து, முந்தின இரவின் கரியைத் துணியால் துடைத்து, திரியை நேராக வெட்டி, எண்ணெய் ஊற்றி ஏற்றுவார். காட்டு பங்களாவில் தங்கிய பலருக்கும் நினைவில் நிற்பது இந்த விளக்குத் துடைக்கும் நேரம். வெளியே இருட்டு இறங்கிக்கொண்டிருக்க, தாழ்வாரத்தில் கண்ணாடிக் கூண்டுகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகும்.

மாதக் கணக்கும் அன்றே வகுக்கப்பட்டது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் வடகிழக்கு மழை. அந்த நாட்களில் பாதை சேறாகும், ஆறு இறங்கவிடாது, அட்டை காலைவிட்டுப் போகாது. பிப்ரவரிக்குப் பின் இலையுதிர்ந்த காடு காய்ந்து, ஒரு பொறி பட்டால் மலை முழுக்கப் பற்றும். தொழிலுக்கு வசதியான காலம் மழை விட்டதிலிருந்து கோடை முற்றும்வரை இருந்த சில மாதங்கள்தான். டிசம்பர், ஜனவரியில் போங்கள் என்று இன்று சொல்லப்படும் ஆலோசனைக்குப் பின்னால் இருப்பது இந்த மரத்தொழில் நாட்காட்டி.

இத்தனையும் யாருடைய உழைப்பில் நடந்தது என்பதை வனத்துறை வரலாறுகள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. அது நியாயமல்ல. வழி தெரிந்தவர்கள் காடர்களும் மலசர்களும். எந்த ஓடை கோடையில் வற்றாது, எந்தத் திட்டில் யானை வராது, எந்த மரம் உள்ளே பொந்து என்றெல்லாம் சொன்னவர்கள் அவர்கள். பாதை வெட்டியதும் தீத்தடுப்புக் கோடு எரித்ததும் அவர்களே. மலசர் யானைப்பாகர்களாகக் கைதேர்ந்தவர்கள். டாப்ஸ்லிப்பை அடுத்த கோழிக்கமுத்தி யானை முகாமில் அந்தத் தொழிலை இன்றும் அவர்களே செய்துவருகிறார்கள். ஆனால் ஒதுக்குக்காடு என்று அறிவித்தவுடன், தலைமுறை தலைமுறையாக அவர்கள் கிழங்கு தோண்டிய மண்ணில் கிழங்கு தோண்டுவதற்கே அரசின் தயவு தேவைப்பட்டது. இடம் மாறி மாறி வாழ்ந்தவர்கள், கூப்பிட்டால் வேலைக்கு வரும் தூரத்தில், எருமைப்பாறை போன்ற நிலையான குடியிருப்புகளில் தங்கினார்கள். பங்களாவில் இரவு தங்கும் உரிமைக்குச் சீட்டு எழுதிக்கொடுத்த துறை, காட்டில் வாழும் உரிமைக்கு அப்படி எதையும் அவர்களுக்கு எழுதிக்கொடுக்கவில்லை. வன உரிமைச் சட்டம் 2006இல்தான் வந்தது.

வெட்டிய வேகத்துக்கு மரம் வளரவில்லை. ஐம்பது அறுபது ஆண்டு இடைவிடாத வெட்டுக்குப் பின் மவுண்ட் ஸ்டூவர்ட் பகுதி மொட்டையாகத் தொடங்கியது. முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கே பொறுப்பேற்ற ஹியூகோ வுட் அந்தச் சரிவுகளில் தேக்கை மீண்டும் வளர்க்க முனைந்தார். மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு, அதிலிருந்து மறுபடி துளிர்க்கவைப்பது அவர் வலியுறுத்திய முறைகளில் ஒன்று. பை நிறையத் தேக்கு விதை வைத்துக்கொண்டு, நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் மண்ணில் குழி குத்தி விதை போட்டுப் போவார் என்று டாப்ஸ்லிப்பில் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1933இல் குன்னூரில் இறந்த அவரை, அவர் விருப்பப்படியே மவுண்ட் ஸ்டூவர்ட்டில் தேக்குகளின் நடுவே அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையைச் சுற்றி நிற்கும் மரங்கள் இப்போது அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கின்றன. ஒரு தேக்குக்காடு வேறு எல்லா மரத்தையும் தள்ளிவிட்டுத் தான் மட்டும் நிற்பது காட்டுக்கு நல்லதா என்ற கேள்வி பின்னால் வந்தது. அதை அவர் காலத்தின் மேல் சுமத்துவது பொருந்தாது.

வேலைக்கு வராத விருந்தாளிகளும் மெல்லத் தலைகாட்டினார்கள். முதலில் வந்தவர்கள் வேட்டைக்காரர்கள். காட்டு எருதும் வரையாடும் குறைந்துபோகும் அளவுக்கு வேட்டை பெருகி, நீலகிரியில் 1879இல் அதைக் கட்டுப்படுத்தத் தனிச்சட்டமே தேவைப்பட்டது. துப்பாக்கி உரிமம் எடுத்தவருக்கு, அதிகாரி வராத நாட்களில் பங்களா கிடைக்கும். மாவட்ட வன அதிகாரிக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். அதிகாரி திடீரென்று வந்தால் விருந்தாளி இடம் விட வேண்டும். அரசு அலுவலருக்கு முன்னுரிமை என்ற இந்த விதி இன்றுவரை பல விடுதிகளில் எழுதியோ எழுதாமலோ நடப்பில் இருக்கிறது. வால்பாறையில் காபி, தேயிலைத் தோட்டங்கள் பெருகிய பின் தோட்டத் துரைமார் தூண்டிலோடு வந்தார்கள். ட்ரவுட் மீன் பிடிக்கப் புல்மலைப் பகுதியில் கோனலாற்றங்கரையில் எழுந்த குடில் அந்த வகை. அதிகாரமும் கணக்கும் இல்லாமல், ஓய்வுக்கென்றே மலைக்காட்டில் கட்டிய வீடு அது.

சுதந்திரத்துக்குப் பின் காட்டை மாற்றியது சாலை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காக 1950களின் இறுதியிலிருந்து அணைகளும் சுரங்கங்களும் அமைந்தபோது, தலைச்சுமை போன தடங்களில் லாரி ஓடியது. கேரளத்தின் பரம்பிக்குளத்துக்குச் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகவே போக வேண்டியிருப்பது அதன் எச்சம். 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுப் பணி காய்ச்சல் பயத்தைப் பெருமளவு போக்கியது. ஒரு நாள் நடை என்ற பழைய கணக்கு ஒரு மணி நேரப் பயணமாகச் சுருங்கியது. காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் போன்றோர் துப்பாக்கிக்குப் பதில் கேமராவோடு முதுமலையிலும் ஆனைமலையிலும் வாரக்கணக்கில் காத்திருந்து யானைகளைக் கவனித்து எழுதினார்கள். காட்டைப் பார்ப்பதற்காகவே அங்கே போகலாம் என்பதை இந்த எழுத்துகள் படிப்பவர் மனதில் பதித்தன.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் ஆனைமலை சரணாலயம் ஆனது. மரவெட்டு படிப்படியாக ஓய, மரத்தை இழுத்த யானைகள் முகாமில் சோறுண்டு சுற்றுலாப் பயணிகளைச் சுமந்தன. கணக்குப் பார்த்த தாழ்வாரங்கள் விருந்தினருடையவை ஆயின. டாப்ஸ்லிப்பில் அம்புலி இல்லம் போன்ற விடுதிகளும் மரக்குடில்களும் பெருகின. 2007இல் ஆனைமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் சுற்றுலாவைத் தற்காலிகமாகத் தடைசெய்து, புதிய வழிமுறைகள் வகுக்கப்பட்ட பின் அக்டோபரில் தளர்த்தியது. அந்தச் சில மாதங்கள் காட்டு விடுதிகள் பூட்டிக்கிடந்தன. எந்த வீட்டை யார், எத்தனை பேர் பயன்படுத்தலாம் என்பது அதன்பின் இன்னும் இறுகியது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லுக்கும் கோடைக் காற்றுக்கும் நடுவே நடப்பது எவ்வளவு ஆபத்து என்பதைப் பழைய காட்டுக்காரர்கள் அறிந்திருந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்ல முறையான ஏற்பாடு இல்லாமல் போனது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் தேர்ந்து, இணையவழி முன்பதிவும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் கட்டாயம் என்ற ஏற்பாடு தொடங்கியது. காட்டோரத்துப் பழங்குடி இளைஞர்கள் பலர் அந்த வழிகாட்டிகளில் இருக்கிறார்கள். தாத்தாக்கள் அதிகாரிக்கு வழிகாட்டிய தடத்தில் இவர்கள் சீருடையோடும் ஊதியத்தோடும் முன்னால் நடக்கிறார்கள். தீக்காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. சேத்துமடைச் சோதனைச்சாவடி மாலையில் அடைக்கப்படுகிறது. டாப்ஸ்லிப்பில் தங்குகிறவர் இருட்டிய பின் அகழிக்கு வெளியே கால்வைப்பதில்லை. விளக்கு மட்டும் மின்விளக்காகிவிட்டது.